ஒரு மைலும் இரண்டு கிழமையும்: உடற்பயிற்சிப் பதிவுகள் வெற்றி பெறுவது எதனால்?

எங்கள் வீட்டில் உம்மாவும் நானும் தங்கச்சியும் ஒரே தொலைபேசியைத்தான் பாவிக்கிறோம். ஒரு மூலையில் கண்ணாடி வெடித்துப்போன தொலைபேசி அது. சென்ற வருடம் அதில் வந்த ஓர் உடற்பயிற்சிக் காணொளி, உம்மாவைக் கதிரையிலிருந்து எழுப்பி நடக்க வைத்தது. அதே தொலைபேசியில் வந்த இன்னோர் உடற்பயிற்சிக் காணொளி, தங்கச்சியைச் சோற்றுப் பீங்கானின் முன்னாலிருந்து எழுப்பிவிட்டது. இரண்டுமே உலகெங்கும் ஏராளமானோர் பார்த்த, வெற்றி பெற்ற காணொளிகள்.

உயர்தரத்தில் நான் கற்கும் பாடங்களில் ஒன்று தொடர்பாடலும் ஊடகக் கற்கையும். சமூக ஊடகப் பதிவுகளில் ஏதேனும் ஒரு வகையைத் தெரிவுசெய்து, அது ஏன் வெற்றி பெறுகிறது என ஆராய்ந்து எழுதும்படி டீச்சர் சொன்னார். வகுப்பில் பலர் சமையலை எடுத்தார்கள். சிலர் ஆடை விற்பனையை எடுத்தார்கள். நான் உடற்பயிற்சி என்றதும் தோழியர் சிரித்தார்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் தண்ணீர்ப் போத்தல் சுமந்ததைத் தவிர வேறெதையும் நான் செய்ததில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு காணொளிகளின் கணக்கை எனக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. எங்கள் தொலைபேசிக்கு வந்த உடற்பயிற்சிப் பதிவுகளை ஒரு மாதமாகக் கொப்பியில் குறித்து வந்தேன். தலைப்பு என்ன, முதல் மூன்று வினாடிகளில் என்ன காட்டுகிறார்கள், பார்ப்பவரிடம் என்ன கேட்கிறார்கள், என்ன வாக்குறுதி தருகிறார்கள் என்பவற்றையே குறித்தேன். அந்தக் கொப்பியிலிருந்து பிறந்ததுதான் இக்கட்டுரை.

முதலில் 'வெற்றி' என்றால் என்ன? ஒரு பதிவின் வெற்றியை முடிவு செய்வது அதைக் காட்டும் நிறுவனத்தின் கணினி. எதை யாருக்கு மேலே கொண்டுவந்து காட்டுவது என்று கணக்கிடும் ஒழுங்கை அல்கொரிதம் என்கிறார்கள். 2012 வரை யூடியூப், ஒரு காணொளியை எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதற்கே முதலிடம் கொடுத்தது. தலைப்பில் ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றைக் காட்டும் ஏமாற்று பெருகியதால், அந்த வருடம் முதல் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முக்கியமாக்கியது. டிக்டொக் நிறுவனம் 2020இல் வெளியிட்ட விளக்கத்தில், ஒரு காணொளியை ஒருவர் கடைசிவரை பார்ப்பது பலமான அடையாளம் என்று சொன்னது. இன்ஸ்டகிராமின் தலைவர் அடம் மொசேரி 2025இல் சொன்ன முக்கியமான மூன்று அளவுகள்: பார்த்த நேரம், விருப்பக்குறி, இன்னொருவருக்கு அனுப்புதல்.

இவற்றில் எந்த அளவாவது, பார்த்தவர் உடற்பயிற்சி செய்தாரா என்று கேட்கிறதா? இல்லை. கதிரையில் சாய்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டு பார்த்தாலும் கணினிக்கு அது பார்வைதான். 'பிறகு செய்வோம்' என்று சேமித்து வைப்பதும் கணினிக்கு ஒரு சந்தோசமான செய்திதான். எங்கள் தொலைபேசியில் உம்மா சேமித்து வைத்திருக்கும் பயிற்சிகளைச் செய்து முடிக்க இந்த ஆயுள் போதாது.

ஆனால் இதற்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. ஒருவர் முன்னால் நின்று செய்ய, நாமும் கூடவே செய்யும் நீண்ட காணொளியில், பார்த்த நேரமும் உடல் அசைந்த நேரமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. பதினைந்து நிமிடம் கூடவே செய்தவர் பதினைந்து நிமிடம் பார்த்தவராகிறார். நாளைக்கும் திரும்பி வருகிறார். அங்கே கணினியின் கணக்கும் உடம்பின் கணக்கும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. பதினைந்து வினாடி ரீலில் அப்படி இல்லை. பதினைந்து வினாடியில் ஒரு பயிற்சியைச் செய்ய முடியாது, ஓர் உடம்பைப் பார்க்க மட்டுமே முடியும். ஆகவே அங்கே போட்டியிடுவது பயிற்சிகளல்ல, உடம்புகள்.

முதல் வகையில் மிகப் பெரிய உதாரணம் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோ விக்ஸ். பூங்காவில் பயிற்சி வகுப்பு நடத்தி, ரயில் நிலையத்தில் துண்டுப்பிரசுரம் கொடுத்து ஆள் சேர்த்தவர் அவர். ஒருவரும் வராத நாட்களும் இருந்தன. இன்ஸ்டகிராம் அந்தக் காலத்தில் 15 வினாடிக் காணொளிகளை மட்டுமே அனுமதித்தது. அந்தக் கட்டுப்பாட்டையே அவர் தன் அடையாளமாக்கி, 15 நிமிடத்தில் சமைக்கக்கூடிய சாப்பாட்டை 15 வினாடியில் காட்டினார். பெயர் பரவியது அதனால்தான். அவர் வரலாற்றில் இடம்பிடித்தது வேறொன்றால். 2020 மார்ச்சில் கொரோனாவால் பிரித்தானியாவின் பாடசாலைகள் மூடப்பட்டன. 23ஆம் திகதி திங்கட்கிழமை காலை 9 மணிக்குத் தன் வீட்டு அறையிலிருந்து, பிள்ளைகளுக்கான உடற்கல்விப் பாடத்தை யூடியூபில் நேரலையாகத் தொடங்கினார். மறுநாள் ஒரே நேரத்தில் ஒன்பதரை இலட்சத்துக்கும் மேற்பட்ட திரைகளில் அது ஓடியது. கின்னஸ் சாதனைப் புத்தகம் அதைப் பதிவு செய்தது. நம் நாட்டிலும் அப்போது ஊரடங்கு. நாங்கள் முற்றத்துக்குக்கூட இறங்காத நாட்கள் அவை.

அந்தக் காணொளிகளை நான் இப்போது பார்த்தேன். பயிற்சியில் புதுமை ஒன்றும் இல்லை. நின்ற இடத்தில் ஓடுவது, குந்தி எழும்புவது, முயல்போலப் பாய்வது. நம் விளையாட்டு டீச்சர் செய்விப்பவைதான். அப்படியானால் வெற்றி எங்கிருந்து வந்தது? நேரத்திலிருந்து வந்தது என்பது என் முடிவு. திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் காலை 9 மணி. பாடசாலை மணி அடிக்காத ஒரு நாட்டில் அவர் மணி அடித்தார். பயிற்சிக்கிடையில் பிள்ளைகளின் பெயர்களை வாசித்தார், கேள்வி கேட்டார், வெள்ளிக்கிழமைகளில் வேடமிட்டு வந்தார். கையில் காயமேற்பட்டுச் சத்திரசிகிச்சை செய்தபோதும் வகுப்பு நிற்கவில்லை. ஒரு நாள் அவரது மனைவி முன்னால் நின்று நடத்தினார். 'இத்தனை நாளில் இப்படி ஆவீர்கள்' என்று அவர் எந்தப் பிள்ளைக்கும் சொல்லவில்லை. நாளைக் காலை 9 மணிக்கு வாருங்கள் என்பதே அவர் விடுத்த அழைப்பு. அதிலிருந்து வந்த விளம்பர வருமானத்தைப் பிரித்தானிய அரச மருத்துவ சேவைக்கான நன்கொடையாகக் கொடுத்தார்.

இனி உம்மாவின் கதைக்கு வருகிறேன். உம்மாவுக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரிந்தபோது, கிளினிக்கில் டொக்டர் நடக்கச் சொன்னார். உம்மாவிடம் நியாயமான பதில்கள் இருந்தன. சுபஹுக்குப் பிறகு சமையல், பிறகு தையல் வேலை. பின்னேரம் வீதியில் ஆண்கள் நிற்பார்கள், நாய்கள் வேறு. "எனக்கு ஏலா மகள்" என்று முடித்துவிட்டார். வளர்ந்தவர்கள் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நான் வாசித்துக் காட்டினேன். அந்த எண் உம்மாவை இன்னும் களைப்பாக்கியது.

பிறகு ஒரு நாள் யூடியூப் தானாகவே ஒரு காணொளியைக் கொண்டுவந்து போட்டது. லெஸ்லி சான்சோன் என்ற அமெரிக்கப் பெண்மணி, அறைக்குள் நின்ற இடத்திலேயே நடக்கிறார். இணையம் பரவுவதற்கு முன்பே வீடியோ நாடாக்களில் இதைச் செய்து வந்தவர் அவர். காலடிகள் நான்கே வகை: நின்ற இடத்தில் நடத்தல், பக்கவாட்டில் அடி வைத்தல், முழங்காலை உயர்த்துதல், காலை முன்னே வீசுதல். தலைப்பில் இருந்தது ஒரு மைல் மட்டும். ஏறத்தாழ கால் மணித்தியாலம். பின்னால் நடப்பவர்களில் வயதானவர்களும் இருந்தார்கள், பருமனானவர்களும் இருந்தார்கள். உம்மா சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது மாவரைக்கிற நேரத்துக்குள்ள முடியுமே" என்றார். மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தார். சீனி வருத்தக்காரர்கள் வெறுங்காலோடு பயிற்சி செய்யக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்ததால், வாப்பா சந்தையில் ஒரு சோடி கன்வஸ் சப்பாத்து வாங்கி வந்தார்.

தலைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அன்று கண்ணால் கண்டேன். 'ஒரு மைல்' என்பதை உம்மாவால் முடிக்க முடியும். முடித்தது அவருக்கே தெரியும். யாரும் வந்து சான்று கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் லோரன் ஜிரால்டோ என்ற இளம்பெண் 2019இல் வெளியிட்டுப் பின்னர் டிக்டொக்கில் பரவிய பயிற்சியின் பெயர் '12-3-30'. நடை இயந்திரத்தைச் சாய்வு 12இல் வைத்து, மணிக்கு 3 மைல் வேகத்தில், 30 நிமிடம் நடப்பது. பெயரைக் கேட்டவுடன் முழுப் பாடமும் முடிந்துவிடுகிறது. வேறொருவருக்குச் சொல்வதற்கும் மூன்று எண்கள் போதும். பகிரப்படும் பதிவுகளுக்கு இந்தக் குணம் வேண்டும் என்று என் கொப்பியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

சமூக ஊடகம் வருமுன்பே இந்த வித்தையை அறிந்தவர்கள் ஜப்பானியர். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக் நடந்து மறு வருடம், யமாசா என்ற கம்பனி, அடிகளை எண்ணும் ஒரு சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மன்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி. இன்று எல்லாத் தொலைபேசிகளும் கேட்கும் அந்த 10,000 அடி, மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன எண்ணாக அல்லாமல், ஒரு கருவியின் பெயராகவே உலகத்துக்கு வந்தது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் ஐ-மின் லீ தலைமையில், சராசரி 72 வயதான ஏறத்தாழ 17,000 பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடையேகூட, 2,700 அடி நடந்தவர்களைவிட மரணங்கள் குறைவாக இருந்ததைக் காட்டியது. 7,500 அடிக்குப் பிறகு அந்த நன்மை மேலும் கூடவில்லை. பத்தாயிரம் என்ற எண் பிழையான இடத்திலிருந்து வந்தாலும், அறுபது வருடமாக மனிதரை நடக்க வைத்திருக்கிறது. காரணம், அது செய்யச் சொல்லும் எண். அடிகளை எண்ணுகிறதே தவிர உடம்பை அளப்பதில்லை.

தங்கச்சி பார்த்த காணொளியின் தலைப்பிலும் ஓர் எண் இருந்தது. இரண்டு கிழமையில் வயிற்றுத் தசைகள் தெரியும் என்பது அதன் வாக்குறுதி. புருணையில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த குளோயி டிங் 2019இல் வெளியிட்ட காணொளி அது. பல கோடித் தடவை பார்க்கப்பட்டது. நியாயமாகச் சொல்வதென்றால், அவரது பயிற்சிகள் இலவசம், கருவி எதுவும் வேண்டாம், கூடவே நின்று செய்து காட்டுகிறார். கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட எத்தனையோ பெண்களுக்கு அவர் துணையாக இருந்தார். ஆனால் அந்தக் காணொளியை உலகமெங்கும் கொண்டுபோனது பயிற்சி அல்ல, பயிற்சி செய்தவர்கள் டிக்டொக்கில் போட்ட 'முதல் நாள், கடைசி நாள்' துண்டுக் காணொளிகள். பார்வையாளர்களே விளம்பரக்காரர் ஆனார்கள். தங்கச்சிக்கு முதலில் வந்ததும் அப்படிப்பட்ட ஒரு துண்டுதான்.

தரம் ஒன்பதில் படிப்பவள் அவள். அறையைப் பூட்டிக்கொண்டு பதினான்கு நாட்கள் விடாமல் செய்தாள். பதினைந்தாம் நாள் கண்ணாடியில் ஒன்றும் மாறியிருக்கவில்லை. காணொளி பொய் சொல்லியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை பேருக்குச் சரிவந்தது தனக்குச் சரிவரவில்லை என்றால் பிழை தன்னிடம்தான் என்று நினைத்தாள். அதனால் இராச்சாப்பாட்டை விட்டாள். பிறகு பாடசாலைக்குக் கொண்டுபோன சாப்பாட்டையும் தோழிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். அணிநடைப் பயிற்சியில் தலைசுற்றி உட்கார்ந்த அன்றுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. டொக்டர் இரத்தம் குறைவு என்றார். "வளர்ற புள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னது யாரு?" என்று உம்மாவைத்தான் கேட்டார். உம்மா தலைகுனிந்து இருந்ததை நான் மறக்க மாட்டேன். எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. காணொளியிலும் நேராக யாரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் உடலைப் பற்றிய ஒரு விளக்கம் அவசியம். வயிற்றுப் பயிற்சி வயிற்றின் தசையைப் பலப்படுத்தும். அதன் மேலிருக்கும் கொழுப்பு அந்தப் பயிற்சியால் அந்த இடத்திலிருந்து கரைவதில்லை. உடம்பு கொழுப்பை எடுக்கும்போது எல்லா இடத்திலிருந்தும் எடுக்கும். எங்கே முதலில் குறையும் என்பதைப் பரம்பரையும் வயதும் ஆண்பெண் வேறுபாடும் தீர்மானிக்கின்றன. பருவ வயதில் பெண்பிள்ளையின் உடம்பில் கொழுப்பு கூடுவது இயல்பான வளர்ச்சி. 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்று அது எந்த அளவும் தருவதில்லை.

உம்மாவின் காணொளியும் தங்கச்சியின் காணொளியும் எங்கே பிரிகின்றன என்பது இப்போது எனக்குப் பிடிபட்டது. இரண்டிலும் எண் இருக்கிறது. இரண்டும் இலவசம். இரண்டும் வீட்டுக்குள் செய்யக்கூடியவை. ஒரு மைல் என்பது நாம் செய்யப்போகும் வேலைக்கான வாக்குறுதி. அதை நிறைவேற்றுவது நம் கால்களில் இருக்கிறது. இரண்டு கிழமையில் இன்ன உடம்பு என்பது விளைவுக்கான வாக்குறுதி; அது செய்பவர் கையிலும் இல்லை, செய்விப்பவர் கையிலும் இல்லை. ஆனால் ஒரு நொடியில் கண்ணை நிறுத்துவதற்கு இரண்டாவதுதான் அதிகம் உதவுகிறது. நடக்கும் கால்களைவிட மாறிய உடம்பு கவர்ச்சியானது. அதனால்தான் என் கொப்பியின் பெரும்பகுதி அவ்வகைப் பதிவுகளால் நிரம்பியது.

'முன், பின்' படங்களின் பலம் எவ்வளவு என்பதற்கு அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரைச் சேர்ந்த கெய்லா இட்சினெஸ் நல்ல சான்று. 2014 அளவில் அவர் விற்ற பயிற்சி வழிகாட்டியைப் பின்பற்றிய பெண்கள், தங்கள் முன்-பின் படங்களை ஒரே குறிச்சொல்லோடு போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த நிறுவனம் 2021இல் 400 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு விற்கப்பட்டது என்று செய்திகள் வந்தன. நீச்சலுடைக்கு ஏற்ற உடம்பு என்று பொருள்படும் பெயரை அந்த வழிகாட்டிக்கு வைத்ததற்காக வருந்துவதாக அவரே பின்னர் சொன்னார், பெயரும் மாற்றப்பட்டது. முன்-பின் படத்தை ஒரே மணித்தியாலத்தில் எடுத்துவிடலாம் என்பதை நானும் தங்கச்சியும் ஒருநாள் பரீட்சித்துப் பார்த்தோம். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தோள் தொங்க நின்றால் ஒரு படம். ஜன்னல் பக்கம் திரும்பி, நிமிர்ந்து, மூச்சை இழுத்துப் பிடித்தால் இன்னொரு படம். இடையில் நடந்ததெல்லாம் தேநீர் குடித்தது மட்டும்தான். சிரித்துவிட்டு இரண்டு படங்களையும் அழித்தோம்.

முழுப் பொய்யும் வெற்றி பெறுவதுண்டு. அமெரிக்காவில் 'லிவர் கிங்' என்று தன்னை அழைத்துக்கொண்ட பிரையன் ஜோன்சன், ஆதிமனிதரைப்போல ஈரலைப் பச்சையாகச் சாப்பிடுவதால்தான் தனக்கு இந்த உடம்பு என்று மில்லியன் கணக்கானோருக்குச் சொல்லி வந்தார். கூடவே ஈரல் மாத்திரைகளும் விற்றார். 2022 இறுதியில் அவரது மின்னஞ்சல்கள் வெளியாகின. உடம்பைப் பெருப்பிக்கும் ஹோர்மோன் மருந்துகளுக்கு மாதம் 11,000 டொலருக்கு மேல் செலவிட்டிருந்தார். டிசம்பரில் காணொளி ஒன்றில் தோன்றி ஒப்புக்கொண்டார். பச்சை ஈரல் சாப்பிடுவதை ஒருவர் பார்க்காமல் தாண்டிப்போக முடியுமா? முதல் மூன்று வினாடிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நிறுவனங்கள் இதை அறியாதவை அல்ல. 2021இல் பிரான்சிஸ் ஹோகன் வெளிக்கொண்டுவந்த பேஸ்புக்கின் உள் ஆவணங்களில், தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே மனம் சோர்ந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 வீதமானோர், இன்ஸ்டகிராம் அந்தச் சோர்வைக் கூட்டியதாகக் கூறியிருந்தார்கள்.

தங்கச்சி விஷயத்தில் நாங்கள் தொலைபேசியைப் பறிக்கவில்லை. பறித்தால் தோழியின் தொலைபேசியில் பார்ப்பாள் என்று வாப்பா சொன்னார். இரவில் மூவரும் ஒன்றாக இருந்து, உடம்பைக் காட்டும் பதிவு வரும்போதெல்லாம் அதை அழுத்திப் பிடித்து 'ஆர்வமில்லை' என்பதைத் தெரிவு செய்தோம். முழுதாகப் பார்த்துவிட்டு அழுத்தினால் பயன் குறைவு. பார்த்த நேரம் கணக்கில் ஏறிவிடும். ஒரு கிழமைக்குள் பூனைகளும் சமையலும் வரத் தொடங்கின. பெற்றோர் இதைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்க்கலாம்.

டீச்சருக்குக் கொடுத்த ஒப்படையில் கடைசிப் பகுதி, நாமே ஒரு பதிவைத் தயாரிப்பது. முகத்தைக் காட்டுவதில்லை, உடம்பைக் காட்டுவதில்லை, பொதுவெளியில் போடுவதில்லை என்று வீட்டில் முடிவெடுத்தோம். தங்கச்சியின் வகுப்புத் தாய்மாரின் வட்ஸ்அப் குழுதான் எங்கள் ஊடகம். முதல் காணொளி ஆறு நிமிடம். 150 நிமிடக் கணக்கை நானே விளக்கினேன். எனக்கு அது மிகவும் நன்றாக இருந்தது. ஒருவர் 'மாஷா அல்லாஹ்' என்று போட்டார். பிறகு குழுவில் பெற்றோர் கூட்டம் எப்போது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

"ராத்தா, நீங்க பாடம் நடத்துறீங்க. யாரு பாக்குற?" என்றாள் தங்கச்சி. இரண்டாவதை அவள்தான் எடுத்தாள். நாற்பது வினாடி. குசினியில் உம்மாவின் கன்வஸ் சப்பாத்துக் கால்கள் மட்டும். ஓர் ஓரத்தில் அடுப்பும் கேத்தலும். உம்மாவின் குரல்: "தண்ணி கொதிக்கிற வரைக்கும் சும்மா நிக்காம நடப்பம், வாங்க." கேத்தல் கூவும்போது கால்கள் நிற்கின்றன. முடிந்தது. முதல் மூன்று வினாடி, எண் அல்லது எல்லை, செய்யச் சொல்லும் வாக்குறுதி என்று நான் ஒரு மாதமாக எழுதிய அனைத்தும், என்னைக் கேட்காமலேயே அந்த நாற்பது வினாடிக்குள் இருந்தன.

அன்று இரவே ஒரு தாய் தன் கால்களை எடுத்து அனுப்பினார். அடுத்த நாள் இன்னும் சிலர். ஒருவர் செருப்போடு, ஒருவர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு. நான்காம் நாள் வேறு ஊரிலிருக்கும் பெரியம்மா, 'இதைப் பாருங்கள்' என்று உம்மாவுக்கே உம்மாவின் கால்களை அனுப்பினார். யார் யாரோ கைமாற்றி அவரிடம் போயிருந்தது. உம்மா வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஆறு கிழமைக்குப் பிறகு கிளினிக் கொப்பியில் உம்மாவின் சீனி அளவு முன்னையதைவிடக் குறைந்திருந்தது. மருந்தும் சாப்பாட்டு ஒழுங்கும் நடையும் சேர்ந்து வந்த கணக்கு அது. காணொளிக்கு மட்டும் எழுத முடியாது. தங்கச்சிக்கு இரும்புச்சத்து மாத்திரை தொடர்கிறது. இராச்சாப்பாட்டுக்கு வந்து அமர்கிறாள். சில நாட்களில் பாதியோடு எழும்பப் பார்ப்பாள். உம்மா ஒன்றும் சொல்லாமல் இன்னொரு துண்டு மீனை வைப்பார்.

சென்ற கிழமை குழுவில் ஒரு தாய் கேட்டிருந்தார்: "ராத்தா, எத்தனை கிலோ குறைஞ்ச? முந்தின போட்டோ இருந்தாப் போடுங்களேன்." உம்மா தொலைபேசியைத் தங்கச்சியிடம் நீட்டி, என்ன எழுதுவது என்று கேட்டார். அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நிறுக்கல்ல மாமி. இண்டைக்குக் கேத்தல் ரெண்டு தரம் கொதிச்ச" என்று எழுதி அனுப்பினாள்.